‘மேட் இன் ஜப்பான்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீப் பர்ப்பிள் குழுவின் இந்த ஆல்பத்தை யாருக்காவது போட்டுக் காட்டினால், முதல் பாட்டு முடிவதற்குள் ஒரு கேள்வி வருகிறது. கடைசிப் பாட்டு முடிவதற்குள் பத்து வந்துவிடுகின்றன. பல ஆண்டுகளாக அவை ஏறக்குறைய ஒரே கேள்விகளாகவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். ராக் இசைக்குப் புதியவர்கள் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பாடல்களை ஏற்கெனவே அறிந்தவர்கள் நடுவிலிருந்து தொடங்கலாம்.

‘மேட் இன் ஜப்பான்’னா ஜப்பான்காரங்க போட்ட ஆல்பமா?

இல்லை. டீப் பர்ப்பிள் ஓர் ஆங்கிலேய ராக் குழு. 1972 ஆகஸ்டில் ஜப்பானில் அவர்கள் நடத்திய மூன்று நிகழ்ச்சிகளின்போது மேடையிலேயே பதிவு செய்யப்பட்ட பாடல்களிலிருந்து தேர்ந்தெடுத்து, அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனில் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பொருள்களின் அடியில் பொறிக்கப்படும் ‘ஜப்பானில் தயாரிக்கப்பட்டது’ என்ற வாசகத்தையே குறும்பாகத் தலைப்பாக்கிவிட்டார்கள். ஜப்பானில் மட்டும் ‘லைவ் இன் ஜப்பான்’ என்ற பெயரில், வேறு அட்டையுடன் வந்தது.

யார் யார் வாசிச்சிருக்காங்க? இந்தக் குழுல ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்களாமே?

மாறிக்கொண்டே இருந்தார்கள் என்பது உண்மைதான். அதனால் ரசிகர்கள் ஒவ்வொரு அணியையும் எண்ணிட்டு அழைப்பது வழக்கம். இந்த ஆல்பத்தில் இருப்பது 1969-இல் உருவான ‘இரண்டாம் அணி’: பாடகர் இயன் கில்லன், கிதார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பேஸ் கிதார் ரோஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ். ‘இன் ராக்’ (1970), ‘ஃபயர்பால்’ (1971), ‘மெஷின் ஹெட்’ (1972) ஆகிய மூன்று ஸ்டுடியோ ஆல்பங்களை முடித்துவிட்டு, ஓயாத பயணங்களால் களைத்தும் அதே பயணங்களால் கூர்மையடைந்தும் இருந்த நிலையில்தான் அவர்கள் ஜப்பான் சென்றார்கள்.

எந்த ஊர், எந்தத் தேதி? ஒரே கச்சேரியா, ஒட்டுப் போட்டதா?

ஆகஸ்ட் 15, 16 ஆகிய இரு நாள்களும் ஒசாகாவின் ஃபெஸ்டிவல் ஹாலிலும், 17 அன்று டோக்கியோவின் நிப்பான் புடோகானிலும் நிகழ்ச்சிகள் நடந்தன. மூன்று இரவுகளிலும் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று பதிவுகள் கிடைத்தன. அவற்றில் சிறந்ததை எடுத்துக்கொண்டார்கள். ஆல்பத்தின் ஏழு பாடல்களில் நான்கு 16-ஆம் தேதிக்கு உரியவை, ஒன்று 15-ஆம் தேதிக்கு உரியது, இரண்டு டோக்கியோவில் பதிவானவை.

ஆகவே ஒரே கச்சேரி அன்று. ஆனாலும் ‘ஒட்டுப் போட்டது’ என்ற சொல் இதற்குப் பொருந்தாது என்றே கருதுகிறேன், ஏனெனில் ஒவ்வொரு பாட்டும் ஓர் இரவில் தொடங்கி அதே இரவில் முடிகிறது. பாட்டுகளை அடுக்கியதில் மட்டுமே கைவைத்திருக்கிறார்கள்.

ஊர்ல எத்தனையோ மேடை இருக்க, எதுக்கு ஜப்பான்?

ஜப்பானில் அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த நிறுவனம், அங்கு நடக்கும் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து ஜப்பானிய ரசிகர்களுக்கென்று ஓர் ஆல்பம் வெளியிட விரும்பியது. அவ்வளவுதான் திட்டம். உலகம் முழுவதும் விற்க வேண்டும் என்பதோ, ராக் வரலாற்றில் இடம்பிடிக்க வேண்டும் என்பதோ யாருடைய எண்ணத்திலும் இல்லை.

குழுவுக்கே இதுல இஷ்டம் இல்லைன்னு படிச்சேன். உண்மையா?

பெரிய ஆர்வம் காட்டவில்லை என்பது உண்மை. அக்காலத்தில் மேடைப் பதிவு என்றால் இரண்டாந்தரச் சரக்கு என்ற எண்ணம் இசைக்கலைஞர்களிடையே இருந்தது. நடனக் கூடத்தின் கடைசி மூலையில் வைத்த ஒலிவாங்கியில் பிடித்தது போன்ற கள்ளப் பதிவுகள் சந்தையில் நிறையவே உலவின; டீப் பர்ப்பிளின் நிகழ்ச்சிகளும் அவற்றில் இருந்தன. எனவே அவர்கள் நிபந்தனை விதித்தார்கள்: தங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச்தான் பதிவு செய்ய வேண்டும், பதிவு தங்களுக்குப் பிடிக்காவிட்டால் வெளியிடக் கூடாது.

அங்கே தரப்பட்ட கருவிகள் பிர்ச்சுக்கு அவ்வளவாகத் திருப்தி அளிக்கவில்லை. எட்டுத் தடங்களில்தான் பதிவு செய்ய முடிந்தது. மொத்தச் செலவு சுமார் 3,000 டாலர்தான் என்று குழுவினரே பிற்பாடு கூறியிருக்கிறார்கள். இரட்டை இசைத்தட்டு ஒன்றுக்கு இது சில்லறைக் காசு. நான் இதை மீண்டும் மீண்டும் சொல்வதற்குக் காரணம் உண்டு: முக்கியமான ஆல்பம் ஒன்றை உருவாக்குகிறோம் என்ற பிரக்ஞை இல்லாததால்தான் இதில் யாரும் ஜாக்கிரதையாக வாசிக்கவில்லை.

இரட்டை இசைத்தட்டுன்னு சொல்றீங்க, ஏழு பாட்டுதானே இருக்கு?

ஏழுதான், ஆனால் மொத்த நேரம் சுமார் 76 நிமிடங்கள். முதல் பக்கத்தில் ‘ஹைவே ஸ்டார்’, ‘சைல்ட் இன் டைம்’. இரண்டாம் பக்கத்தில் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’, ‘தி மியூல்’. மூன்றாம் பக்கத்தில் ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்’, ‘லேசி’. நான்காம் பக்கம் முழுவதும் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ என்ற ஒரே பாட்டு.

மேடையில் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ இரண்டாவதாகவும் ‘சைல்ட் இன் டைம்’ மூன்றாவதாகவும் வந்தன. ஆல்பத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் இசைத்தட்டின் பக்கங்கள் ஓரளவு சம நீளத்தில் அமைய இந்த மாற்றம் உதவுகிறது. கூட்டம் மறுபடியும் கேட்டபோது வாசித்த ‘பிளாக் நைட்’ முதலிய பாட்டுகள் அப்போது ஆல்பத்தில் சேரவில்லை.

ஸ்டுடியோ பாட்டே சுத்தமா, அழகா இருக்கே. மறுபடி அதையே எதுக்கு மேடையில கேக்கணும்?

அதையே கேட்கவில்லை என்பதுதான் பதில். ஸ்டுடியோப் பதிவை ஒரு கீர்த்தனையின் அச்சிட்ட பாடமாகவும், மேடைப் பதிவை அன்றைய கச்சேரியில் அது விரிந்த விதமாகவும் எண்ணிப் பாருங்கள். நம் காதுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ‘ஸ்பேஸ் டிரக்கின்’ ஸ்டுடியோவில் நாலரை நிமிடப் பாட்டு. இங்கே ஏறக்குறைய இருபது நிமிடம்.

‘ஹைவே ஸ்டார்’ தொடங்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே பெய்ஸ் சிறு டிரம்மில் ஓர் ஓட்டத்தைத் தொடங்குகிறார். அது பாட்டா, கருவியைச் சரிபார்க்கும் ஓசையா என்பது சில நொடிகளுக்குப் புலப்படவில்லை. அதன்மேல் ஆர்கன் மெல்ல ஏறுகிறது. பேஸும் கிதாரும் ஒட்டிக்கொள்ள, நிறுத்தி வைத்திருந்த வண்டி உறுமத் தொடங்கி, பிரேக்கை விட்டதும் பாய்கிறது. பாட்டின் பொருளே வேகமாக ஓடும் கார் என்பதால் இது பொருத்தமாகவும் இருக்கிறது. ஸ்டுடியோப் பதிவிலும் இந்த ஏற்றம் உண்டு. அங்கே அது திட்டமிட்ட முன்னுரையாக ஒலிக்கிறது, இங்கே அரங்கத்தின் இரைச்சலிலிருந்து முளைத்து வருகிறது.

இந்தப் பாட்டு பிறந்த கதையும் சுவையானது. 1971-இல் நிகழ்ச்சிக்குச் சென்றுகொண்டிருந்த பேருந்தில், ‘பாடல்களை எப்படி உருவாக்குகிறீர்கள்?’ என்று ஒரு செய்தியாளர் கேட்க, ‘இப்படித்தான்’ என்று பிளாக்மோர் கிதாரைத் தட்டத் தொடங்கினார். கில்லன் வரிகளைப் பாட ஆரம்பித்தார். அன்றிரவே மேடையிலும் வாசித்துவிட்டார்கள்.

ஆர்கன் எங்கே, கிதார் எங்கேன்னே பிரிச்சுக் கேக்க முடியல. எனக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டுமன்று. ஜான் லார்ட் தம் ஹேமண்ட் ஆர்கனின் ஒலியை, கிதார்க் கலைஞர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஒலிபெருக்கிகள் வழியே செலுத்தினார். தேவாலயங்களில் சாந்தமாக ஒலிக்கும் கருவி அதன் விளைவாகக் கரகரப்பும் உறுமலும் பெற்றது. செவ்வியல் இசைப் பயிற்சி பெற்ற கை, ராக் கிதாரின் குரல். இந்தச் சேர்க்கைதான் இக்குழுவின் தனி முத்திரை.

ஒரு சிறு யோசனை: காதொலிப்பானில் கேளுங்கள். பெரும்பாலும் ஆர்கன் இடப்பக்கமும் கிதார் வலப்பக்கமும் நிற்கின்றன. பத்து நிமிடம் அப்படிக் கேட்டுப் பழகிவிட்டால் பிறகு எந்த ஒலிபெருக்கியில் கேட்டாலும் இருவரும் தனித்தனியாகத் தெரிவார்கள்.

‘சைல்ட் இன் டைம்’ பாட்டுக்கும் பம்பாய்க்கும் சம்பந்தம் இருக்குன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரு…

பெயரளவில் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ‘இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே’ என்ற குழு 1969-இல் ‘பாம்பே காலிங்’ என்ற வாத்திய இசைத் துண்டை வெளியிட்டது. அதன் மெட்டை ஜான் லார்ட் ஆர்கனில் மெதுவாக வாசித்துப் பார்த்தபோது பிறந்ததுதான் ‘சைல்ட் இன் டைம்’. இதைக் குழுவினர் ஒருபோதும் மறைத்ததில்லை. அந்தக் குழுவும் பதிலுக்கு டீப் பர்ப்பிளின் பழைய மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டது. ஆகக் கணக்குத் தீர்ந்தது.

மெட்டு எங்கிருந்து வந்தாலும், இந்தப் பன்னிரண்டு நிமிடப் பதிவின் மையம் கில்லனின் குரல்தான். சொற்கள் முடிந்த பிறகு, தாழ்ந்த குரலில் வெறும் உயிரோசையாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசிப் படியில் அலறலாக மாறுகிறார்; அலறல் என்றாலும் சுருதி விலகுவதில்லை. புடோகானில் பல்லாயிரம் ஜப்பானிய இளைஞர்கள் இந்தப் பாட்டுக்குச் சேர்ந்து பாடினார்கள் என்று குளோவர் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆனால் ஆல்பத்தில் இருப்பது ஒசாகாப் பதிவு.

‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ உலகத்துக்கே தெரிஞ்ச பாட்டு. ஆனா ஆரம்பத்துல கூட்டம் ஏன் அவ்வளவு பெருசா கத்தல?

அன்று அது உலகத்துக்குத் தெரிந்த பாட்டு அன்று என்பதால். 1971 டிசம்பர் 4 அன்று, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரச் சூதாட்ட விடுதியில் அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஜப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது ரசிகர் ஒருவர் சுட்ட சமிக்ஞைத் துப்பாக்கியின் தீயால் கட்டடம் தீப்பிடித்து அழிந்தது. அதே கட்டடத்தில் ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர், ஜெனீவா ஏரியின் மேல் புகை பரவுவதைப் பார்த்தார்கள். அந்தக் காட்சியே பாட்டாயிற்று. அது இடம்பெற்ற ‘மெஷின் ஹெட்’ 1972 மார்ச்சில்தான் வந்தது. தனிப்பாட்டாக வெளியாகிப் புகழ் பெற்றது 1973-இல். ஒசாகாவில் கேட்டவர்களுக்கு அது சில மாதங்களே ஆன புதுப்பாட்டு.

இன்னொரு தகவல்: மூன்று இரவுகளில் 15-ஆம் தேதிப் பதிவு இந்த ஒரு பாட்டுக்கு மட்டுமே பயன்பட்டது. அன்றுதான் பிளாக்மோர் தொடக்க ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு கிதார்த் தொடரை, சரியாக வாசித்தார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கிதார் கற்கத் தொடங்கும் எவரும் முதல் வாரத்தில் வாசித்துவிடும் நான்கு சுரங்களை, அதை உருவாக்கியவர் மூன்றில் ஒருமுறைதான் ஒழுங்காக வாசித்தார் என்பது எனக்கு எப்போதும் ஆறுதல் தரும் செய்தி.

நடுவுல பாடகர் யாரையோ ஏதோ கேக்குறாரே, எல்லாரும் சிரிக்கிறாங்களே, அது என்ன?

‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ முடிந்து ‘தி மியூல்’ தொடங்குமுன், மேடையில் தங்களுக்குக் கேட்கும் ஒலியைக் கூட்டும்படி கில்லன் ஒலிப்பொறியாளரிடம் கேட்கிறார். அப்போது எழும் வேடிக்கைக் கோரிக்கைதான், ‘எல்லாமே மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருக்கட்டும்’ என்பது. தர்க்கப்படி நடக்கவே முடியாத காரியம். ராக் குழு ஒன்றின் உள்மனத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்பதால் அந்த வாசகம் நிலைத்துவிட்டது. மோட்டர்ஹெட் குழுவின் 1999 மேடை ஆல்பத்தின் தலைப்பு இதிலிருந்து சிறிது மாற்றி எடுக்கப்பட்டதே.

அதே 1972-இல் லண்டன் ரெயின்போ அரங்கில் 117 டெசிபெல் அளவைத் தொட்டு, உலகின் மிக உரத்த குழு என்று கின்னஸ் நூலில் பதிவானவர்களும் இவர்களே. ஆக, அந்தக் கோரிக்கை முழுக்க வேடிக்கை என்றும் சொல்வதற்கில்லை.

‘தி மியூல்’ல ஆறு நிமிஷம் டிரம்ஸ் மட்டும்தான். தாண்டிப் போயிடலாமா?

போகலாம், குற்றமில்லை. ஆனால் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிறவர்களைப் பார்த்து மிருதங்க வித்துவானுக்கு ஏற்படும் வருத்தம் எனக்கும் ஏற்படும். பல டிரம்ஸ் கலைஞர்களின் தனி வாசிப்பு வலிமையைக் காட்டும் கண்காட்சியாக முடிந்துவிடுகிறது. இயன் பெய்ஸின் கை வேறு. ஜாஸ் கலைஞர்களைக் கேட்டு வளர்ந்த இலகுவான கை. மிகத் தணிந்த ஒலியில் அவர் சிறு டிரம்மில் உருட்டும் இடங்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. பிர்ச்சின் ஒலிப்பதிவுத் திறனும் அங்கேதான் தெரிகிறது.

பாடகரும் கிதாரும் சண்டை போடுற மாதிரி ஒரு பாட்டு வருதே, அது முன்கூட்டியே பேசி வச்சதா?

‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்’ பாட்டைச் சொல்கிறீர்கள். பாட்டின் பிற்பகுதியில் பிளாக்மோர் கிதாரில் ஒரு சிறு தொடரை வாசிக்க, கில்லன் அதைக் குரலில் திருப்பிச் சொல்கிறார். அடுத்தது இன்னும் சிக்கலாக, அதற்கடுத்தது இன்னும் உயரமாகப் போகிறது. இப்படி ஒரு பகுதி வரும் என்பது இருவருக்கும் தெரியும், ஏனெனில் ஒவ்வோர் இரவும் அதைச் செய்துவந்தார்கள். எந்தத் தொடர் வரும் என்பது அவ்வப்போதைய விளையாட்டு. பிளாக்மோர் தம்மை மாட்டிவிடப் பார்க்கிறார் என்பதைக் கில்லன் உணரும் தருணங்கள் பதிவில் தெளிவாகவே கேட்கின்றன.

அவர்கள் இருவருக்கும் இடையிலான உறவு மேடைக்கு வெளியே அவ்வளவு விளையாட்டாக இல்லை. கீழே கடைசிக் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

‘லேசி’ல நடுவுல ஏதோ குழந்தைப் பாட்டு மாதிரி ஒண்ணு வருதே?

அது சுவீடன் இசையமைப்பாளர் ஹூகோ ஆல்ஃப்வேனின் ‘சுவீடிஷ் ராப்சடி’யிலிருந்து ஒரு துண்டு. பிளாக்மோர் தனி வாசிப்பின் நடுவே சட்டென்று அதைச் செருகிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மேலே போகிறார். இத்தகைய குறும்புகளைத் தேடிக் கண்டுபிடிப்பது இந்த ஆல்பத்தின் ரசிகர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

‘ஸ்பேஸ் டிரக்கின்’ இருபது நிமிஷம் கொஞ்சம் ஓவர் இல்லையா?

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதி மனத்துடன். வரிகளுள்ள பாட்டு முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் வருவது, 1968-ஆம் ஆண்டின் ‘மேன்ட்ரேக் ரூட்’ என்ற பாட்டுக்கு மேடையில் அவர்கள் வளர்த்துவந்த நீண்ட வாத்தியப் பகுதியின் எச்சம். அந்தப் பாட்டு நிரலிலிருந்து போன பிறகும் வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முதலில் லார்ட் ஆர்கனை உலுக்கி எடுக்கிறார். பிறகு எல்லாம் அடங்கி, பிளாக்மோர் ஒலி அளவுத் திருகைத் திருப்பியபடி வாசிக்க, கிதார் வயலினைப்போல் ஒலிக்கும் அமைதியான பகுதி ஒன்று வருகிறது. பிறகு மறுபடியும் வெடிப்பு.

நேரில் பார்த்திருந்தால் நீளம் தெரிந்திருக்காது. வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது, ஆர்கன் பகுதியில் இரண்டு மூன்று நிமிடம் குறைத்திருக்கலாம் என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் அந்த அமைதியான பகுதிக்கு வந்துசேர அவ்வளவு இரைச்சலைத் தாண்டியே ஆக வேண்டும் என்பதும் உண்மை.

மேடைப் பதிவுன்னு சொல்லிட்டு ஸ்டுடியோல திருத்துவாங்களே, இதுலயும் அந்த வேலை நடந்திருக்குமா?

நியாயமான சந்தேகம். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ‘அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்’ (1979) ஆல்பத்தில் குரலைப் பிறகு ஸ்டுடியோவில் பாடிச் சேர்த்தார்கள். தின் லிஸ்ஸியின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ (1978) எவ்வளவு மேடை, எவ்வளவு ஸ்டுடியோ என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தில் பிற்சேர்க்கை ஏதும் இல்லை என்று குழுவினர் தொடர்ந்து கூறிவந்திருக்கிறார்கள்.

அதை நம்புவதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மூன்று இரவுகளின் பதிவுகளும் பிற்காலத்தில் முழுமையாக வெளிவந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு, திருத்தும் ஆர்வம் அங்கே யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒலிக்கலவை வேலையைக் குளோவரும் பெய்ஸும்தான் பார்த்துக்கொண்டார்கள். கில்லனும் பிளாக்மோரும் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. தன் குரலைத் திருத்த நினைக்கும் பாடகர் குறைந்தபட்சம் ஸ்டுடியோவுக்காவது வந்திருப்பார்.

அட்டைப்படம் புடோகான்ல எடுத்ததுதானே?

இல்லை. ‘ஜப்பானில் தயாரிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கும் அட்டையில் இருப்பது லண்டன் மேடை. டெஃப் லெப்பர்ட் குழுவில் பிற்காலத்தில் கிதார்க் கலைஞரான ஃபில் காலன், சிறுவனாக அந்த நிகழ்ச்சியைப் பார்க்கச் சென்றதாகவும், அட்டைப்படக் கூட்டத்தில் தாமும் இருப்பதாகவும் கூறியிருக்கிறார்.

வந்தப்பவே ஓடுச்சா, இல்ல பின்னாடி பேர் வாங்குச்சா?

வந்தபோதே ஓடியது. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 16-ஆம் இடத்தைத்தான் தொட்டது. அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே ‘ஹூ டூ வி திங்க் வி ஆர்’ என்ற புதிய ஸ்டுடியோ ஆல்பம் 1973 தொடக்கத்தில் முந்திக்கொண்டதால், இந்த ஆல்பம் ஏப்ரலில்தான் வெளியானது; இருந்தும் 6-ஆம் இடம் வரை ஏறியது. அடுத்த மாதம் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ தனிப்பாட்டாக வந்தபோது, ஒரு பக்கத்தில் ஸ்டுடியோப் பதிவையும் மறுபக்கத்தில் இந்த ஜப்பான் பதிவையும் போட்டார்கள். அது 4-ஆம் இடத்தைப் பிடித்தது. இதைத்தான் மேலே, அந்தப் பாட்டைப் பற்றிய பதிலில், ‘புகழ் பெற்றது 1973-இல்’ என்று குறிப்பிட்டேன்.

இதுதான் முதல் மேடை ராக் ஆல்பம்னு சொல்லலாமா?

சொல்லக் கூடாது. டீப் பர்ப்பிள் குழுவுக்கே இது முதல் மேடை ஆல்பம் அன்று: 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ஜான் லார்ட் எழுதிய இசையைச் சிம்பொனிக் குழுவுடன் சேர்ந்து வாசித்த பதிவு அதே ஆண்டில் வெளியாகிவிட்டது. வெளியே பார்த்தால், தி ஹூ குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ 1970-இலும், ஆல்மன் சகோதரர்கள் குழுவின் ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’ 1971-இலும் வந்துவிட்டன.

முதன்மை என்பது தேதியைப் பொறுத்ததன்று. ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’ புளூஸ் இசையின் விரிவாக்கம். ‘லைவ் அட் லீட்ஸ்’ மூன்று கருவிகளின் மோதல். கன ராக் என்ற வகை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த வகையில் ஆர்கன், கிதார், குரல் ஆகிய மூன்றும் சம உரிமையுடன் மேடையில் வாதாடும் முறைக்கு இலக்கணம் வகுத்தது ‘மேட் இன் ஜப்பான்’.

சரி, இதனால பின்னாடி வந்தவங்களுக்கு என்ன கிடைச்சுது? ரசிகர்கள் சும்மா தூக்கி வச்சுப் பேசுறதா?

பெயரளவில் பார்த்தாலே சில தடயங்கள் உண்டு. அயர்ன் மெய்டன் 1981-இல் ஜப்பானில் பதிவு செய்த மேடை இசைத்தட்டுக்கு ‘மெய்டன் ஜப்பான்’ என்று பெயர் வைத்ததே இந்தத் தலைப்பின் மீதான சொல்விளையாட்டு. அதே 1981 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் அக்குழுவின் ஆல்பங்களைத் தயாரித்தவர் வேறு யாருமல்லர், மார்ட்டின் பிர்ச். டிரீம் தியேட்டர் குழு 2006 ஜனவரியில் ஒசாகாவில் இந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்தது. 2016-இல் அமெரிக்காவின் ராக் புகழ்மன்றத்தில் டீப் பர்ப்பிளை அறிமுகப்படுத்திப் பேசிய மெட்டாலிக்காவின் லார்ஸ் உல்ரிச், சிறுவயதில் தாம் பார்த்த முதல் ராக் நிகழ்ச்சி 1973-இல் கோபன்ஹேகனில் நடந்த இவர்களுடையதே என்றவர்.

பெயர்களைவிட முக்கியமானது ஒரு பழக்கம். இதற்குப் பிறகு, குழுக்கள் ஜப்பானுக்குச் சென்று ஆல்பம் பதிவு செய்வது ஏறக்குறைய ஒரு சடங்காயிற்று: ஸ்கார்ப்பியன்ஸ், சீப் டிரிக், ஜூடாஸ் பிரீஸ்ட் என்று பட்டியல் நீளும். மேடைப் பதிவு என்பது ஒப்பந்தக் கணக்கைச் சரிக்கட்ட வெளியிடும் மிச்சச் சரக்கு என்ற எண்ணமும் மாறி, ஒரு குழுவின் தகுதியை அளக்கும் அளவுகோல் என்ற நிலைக்கு வந்தது. அந்த மாற்றத்தில் இந்த ஆல்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

எந்தப் பதிப்பை வாங்குறது? கடையில நாலஞ்சு இருக்கே.

முதல்முறை கேட்பவர்கள் ஏழு பாட்டுள்ள மூலப் பதிப்பையே கேளுங்கள். 1993-இல் மூன்று இரவுகளையும் கொண்ட மூன்று குறுந்தகடுத் தொகுப்பு வந்தது. 1998-இல் வந்த வெள்ளிவிழாப் பதிப்பில் மறுமுறைப் பாட்டுகள் தனித் தகடாகச் சேர்ந்தன. 2014-இலும், இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனின் புதிய ஒலிக்கலவையுடன் 2025-இலும் பெரிய பெட்டித் தொகுப்புகள் வெளியாயின. புதிய கலவைகளில் பேஸ் தெளிவாகக் கேட்கும். பழைய கலவையில் ஐவரும் ஒரே அறையில் நெருக்கியடித்து நிற்பதுபோன்ற உணர்வு இருக்கும். எனக்கு அதுவே பிடிக்கும். மூன்று இரவுகளையும் ஒரே வாரத்தில் கேட்க வேண்டாம், அலுத்துவிடும்.

இவ்வளவு நல்லா வாசிச்சவங்க ஏன் பிரிஞ்சாங்க? திரும்ப ஜப்பானுக்குப் போனாங்களா?

ஓய்வில்லாத பயணம், உடல்நலக் குறைவு, கில்லனுக்கும் பிளாக்மோருக்கும் இடையே வளர்ந்த கசப்பு எல்லாம் சேர்ந்துகொண்டன. இந்த ஆல்பம் பிரிட்டன் கடைகளுக்கு வந்த அதே 1972 டிசம்பரில், விலகுவதாகக் கில்லன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துக் கொடுக்க இன்னும் ஆறு மாதம் ஒரே மேடையில் நின்றார்கள். 1984-இல் இதே ஐவர் மீண்டும் கூடினார்கள், மீண்டும் பிரிந்தார்கள். ஜான் லார்ட் 2012-இலும் மார்ட்டின் பிர்ச் 2020-இலும் மறைந்தார்கள்.

ஜப்பானுக்குத் திரும்பப் போனார்கள். 1973 ஜூன் 29 அன்று, கில்லனும் குளோவரும் அந்த அணியில் கடைசியாக வாசித்த நிகழ்ச்சி நடந்த ஊர் ஒசாகா.